வேலூரில் கார் ஸ்பேர் வாங்க: டவுன் கடையா, ஷோரூமா, ஆன்லைனா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பிரேக் பேட், கிளட்ச் செட், பெல்ட், ஃபில்டர், புஷ், ஆயில் சீல் மாதிரி தேய்ந்து போகிற சாமான்களுக்கு வேலூர் டவுன் ஸ்பேர் கடையே போதும். பாடி ஐட்டம், வயரிங், சென்சார் என்றால் ஷோரூம் பார்ட்ஸ் கவுண்டர். ஆன்லைனுக்கு மூன்றாவது இடம்தான். பார்ட் நம்பர் கையில் இருந்தால் அதுவும் நல்ல வழி. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் வேறு சாமான் வந்து காசும் போகும், வண்டியும் ஒரு வாரம் ஷெட்டில் நிற்கும்.

தரம் குறைந்த சரக்கு வருவதால் இந்தக் கோளாறு என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் அப்படியில்லை. வெளிநாட்டு விற்பனைத் தளங்களும், அவற்றின் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்ட நம்நாட்டுத் தளங்களும், எல்லோரும் பார்க்கிற ரிப்பேர் வீடியோக்களும் அமெரிக்கப் பெயர்களில் பேசுகின்றன. நம்மூர் ஸ்பேர் கடைக் கவுண்டர் பிரிட்டிஷ் பெயர்களில் பேசுகிறது. லாரி ஷெட்டில் பிறந்த பெயர்கள் சில இரண்டிலும் சேராது. ஒரே சொல்லுக்கு மூன்று இடத்தில் மூன்று சாமான் என்றால் எது வீட்டு வாசலுக்கு வரும் என்பது அதிர்ஷ்டம்தான்.

கவுண்டர் பிரிட்டிஷ்காரன் பேச்சைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி ஆஸ்டின் கார் பூட்டிய கம்பெனிதான் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அம்பாஸடர் கார் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறுபிறவி. சென்னை பாடியில் இருக்கிற லூகாஸ் டிவிஎஸ்ஸும், சோளிங்கரில் ஃபவுண்டரி வைத்திருக்கிற பிரேக்ஸ் இந்தியாவும் இங்கிலாந்தின் லூகாஸ் கூட்டில் பிறந்தவை. பானெட், டிக்கி, சைலன்சர், சம்ப், டைனமோ, எர்த், கஜன் பின் எல்லாம் இந்த வழியாக வந்து ஒட்டிக்கொண்டவை. ஸ்டெப்னிகூட 1904-ல் வேல்ஸின் லானெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் தொடங்கிய ஸ்பேர் சக்கரக் கம்பெனியின் பெயர். அந்த ஊரிலேயே இன்று எத்தனை பேர் அப்படிச் சொல்வார்களோ, ஆற்காட்டில் பஞ்சர் கடைப் பையனுக்குத் தெரியும். நடுவே சில அமெரிக்கச் சரக்கும் உண்டு. செல்ஃப் மோட்டாரில் இருக்கிற பெண்டிக்ஸ், வின்சென்ட் பெண்டிக்ஸ் என்ற அமெரிக்கரின் பெயர்.

டவுன் கடை

வேலூர் ஸ்பேர் கடைகளின் பலம் கேள்வி கேட்பது. நல்ல கடையா இல்லையா என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. உதாரணத்துக்கு ஒரு ஆக்ஸில் பூட் (சக்கரத்துக்குப் போகிற தண்டின் ஜாயிண்ட்டை மூடுகிற ரப்பர்) வியாபாரம் இப்படிப் போகும்:

"ணா, ஸ்விஃப்ட்டுக்கு ஆக்ஸில் பூட் ஒண்ணு குடுங்க."

"உள்பக்கமா, வீல் பக்கமா?"

"வீல் பக்கம்."

"பெட்ரோலா டீசலா? எந்த வருஷ வண்டி? ஜாயிண்ட்ல சத்தம் வருதா?"

கடைசிக் கேள்விதான் காசு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது கட் கட் என்று சத்தம் வந்தால் வெளி ஜாயிண்ட்டின் பால் (உள்ளே உருள்கிற குண்டு) போய்விட்டது; பூட் மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை. சத்தமில்லாமல் ரப்பர் மட்டும் கிழிந்து, ரிம்முக்கு உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிட் போதும். கிட்டில் ரப்பர், பெரிய கிளாம்ப் ஒன்று, சிறிய கிளாம்ப் ஒன்று, கிரீஸ் பாக்கெட், புது சர்க்ளிப் இத்தனையும் இருக்க வேண்டும். ரப்பரை மட்டும் தனியாகக் கொடுத்து, "கிரீஸ் ஷெட்ல இருக்கும்" என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள். ஷெட் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் வீல் பேரிங் கிரீஸ். ஜாயிண்ட்டுக்கு வேண்டியது கருப்பாக இருக்கிற மாலிப்டினம் கிரீஸ்; உள் ஜாயிண்ட்டுக்கும் வெளி ஜாயிண்ட்டுக்கும் அதிலும் வகை மாறலாம். பாக்கெட்டில் வருவதை முழுக்கப் பிதுக்கி, பாதி ஜாயிண்ட்டுக்குள்ளும் பாதி ரப்பருக்குள்ளும் அடைக்க வேண்டும். ஷாஃப்டை கியர்பாக்ஸிலிருந்து உருவினால் கியர் ஆயிலும் ஒழுகும் என்பதால், ஆயிலும் ஓர் ஆயில் சீலும் அதே பில்லில் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. ஷாஃப்டையே முழுதாக மாற்றுவதாக இருந்தால் ஏ.பி.எஸ். உண்டா இல்லையா என்று கடைக்காரர் கேட்டே ஆக வேண்டும். சக்கர வேகத்தைக் காட்டுகிற பல்வளையம் இல்லாத ஷாஃப்டை ஏ.பி.எஸ். வண்டியில் போட்டால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இதே பூட்டை ஆன்லைனில் தேடினால் என்ன ஆகும்? பிரிட்டிஷ் தளத்தில் பூட் என்பது டிக்கி. டிக்கி மேட், டிக்கி லாக், டிக்கியைத் தூக்கி நிறுத்துகிற கேஸ் ஸ்ட்ரட் எல்லாம் வரிசையாக வரும். நமக்கு வேண்டிய ரப்பரை அங்கே கெய்ட்டர் என்றும் எழுதுவார்கள். அமெரிக்கத் தளத்தில் டிக்கிக்கு டிரங்க் என்று பெயர். பூட் என்று அடித்தால் ஆக்ஸில் ரப்பரும் வரும், ஸ்பார்க் பிளக் வயரின் தொப்பியும் வரும். ஆக்ஸில் ரப்பர் வேண்டுமானால் "சி.வி. பூட் கிட்" என்று முழுதாக அடிக்க வேண்டும். டிக்கி சாமான் வேண்டுமானால் நம்நாட்டுத் தளங்களில் டிக்கி என்றே அடிக்கலாம், புரிந்துகொள்கின்றன.

டவுன் கடையின் பலவீனம் பில். கேட்டால்தான் ஜி.எஸ்.டி. பில் தருவார்கள், கேட்காவிட்டால் துண்டுச் சீட்டு. கிளட்ச் செட், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் மாதிரி கம்பெனி வாரன்டி உள்ள சாமானுக்குத் துண்டுச் சீட்டை ஒத்துக்கொள்ளக் கூடாது. எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது என்ற போர்டு எல்லாக் கடையிலும் தொங்குகிறது. ரிலே, சென்சார் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் சாக்கெட்டின் பின்களையும் அதன் மேல் அச்சான நம்பரையும் ஒத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

பெயர் மாறினால் சாமான் மாறுகிற இடங்கள்

எல்லாப் பெயர் வித்தியாசமும் ஆபத்தானதில்லை. விண்ட்ஸ்கிரீன் என்றாலும் விண்ட்ஷீல்டு என்றாலும் முன் கண்ணாடிதான் வரும். சைலன்சரும் மஃப்ளரும் ஒன்றுதான்; ஒரே ஒரு எச்சரிக்கை, மேனிஃபோல்டு தொடங்கி பின் பம்பர் வரை போகிற முழுக் குழாயையும் நாம் சைலன்சர் என்கிறோம், பட்டியலில் மஃப்ளர் என்பது பெரும்பாலும் கடைசி டப்பா மட்டும். சம்ப்புக்கு ஆயில் பேன், எர்த்துக்கு கிரவுண்டு, நம்பர் பிளேட்டுக்கு லைசென்ஸ் பிளேட், இண்டிகேட்டருக்கு டர்ன் சிக்னல், ரிலீஸ் பேரிங்குக்கு த்ரோ அவுட் பேரிங், கஜன் பின்னுக்கு ரிஸ்ட் பின், பிக் எண்ட் பேரிங்குக்கு ராடு பேரிங், சர்க்ளிப்புக்கு ஸ்னாப் ரிங். தெரியாவிட்டால் தேடக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

காசைக் கரைப்பவை வேறு. ஒரே சொல் இரண்டு ஊரிலும் இருந்து, பொருள் மட்டும் மாறுகிற சொற்கள்.

ஹூட். அமெரிக்காவில் இது பானெட். பிரிட்டனில் திறந்த காரின் துணிக்கூரை. வேலூர் சீட் கவர் கடையில் ஹூட் என்றால் ஷேர் ஆட்டோவின் ரெக்ஸின் மேற்கூரை. அளவெடுக்க ஆட்டோவைக் கொண்டுவரச் சொல்வார்கள். பானெட் கேபிள் அறுந்து, அமெரிக்க வீடியோவைப் பார்த்து "ஹூட் கேபிள்" என்று டவுன் கடையில் கேட்டால் விழிப்பார்கள். பானெட் கேபிள் என்று கேளுங்கள், உடனே வரும்.

ராக்கர். கவுண்டரில் ராக்கர் என்றால் எஞ்சின் ஹெட்டில் வால்வைத் தட்டுகிற ராக்கர் ஆர்ம். அமெரிக்கப் பட்டியலில் ராக்கர் பேனல் என்பது கதவுக்குக் கீழே ஓடுகிற தகடு. பிரிட்டனில் அதற்கு சில் என்று பெயர், நம்மூர் டிங்கரிங் ஷெட்டில் ஃபுட்போர்டு என்பார்கள். துருப்பிடித்த வண்டிக்கு ஆன்லைனில் தகடு தேடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். அதே மாதிரி ராக்கர் கவரை நம்மவர்கள் டேப்பட் கவர் என்கிறார்கள்; அமெரிக்கர்களுக்கு அது வால்வ் கவர். டேப்பட் கவர் பேக்கிங் என்று தேடினால் வெளிநாட்டுத் தளத்தில் ஒன்றும் வராது, ஏனென்றால் நாம் பேக்கிங் என்பதை அவர்கள் கேஸ்கெட் என்கிறார்கள்.

காட்டர் பின். பிரிட்டிஷ் வழக்கில் இது ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சரிந்த பின். பழைய சைக்கிள் பெடல் கிராங்கில் அடிக்கிற அதே சாமான். அமெரிக்க வழக்கில் காட்டர் பின் என்பது நாம் ஸ்ப்ளிட் பின் என்கிற, காலை விரித்து மடக்குகிற கம்பி. டை ராடு எண்ட் நட்டிலும், வீல் பேரிங் நட்டிலும் வருவது அதுதான். ஒரு தடவை விரித்ததை மறுபடி போடக் கூடாது. விலை சில ரூபாய்தான். டை ராடு எண்ட் வாங்கும்போதே இரண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டிரைவ் ஷாஃப்ட். முன்சக்கரம் இழுக்கிற காரில் கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற தண்டை நாம் டிரைவ் ஷாஃப்ட் அல்லது ஆக்ஸில் என்கிறோம். அமெரிக்கர் அதை சி.வி. ஆக்ஸில் என்கிறார். அவர் வாயில் டிரைவ் ஷாஃப்ட் என்றால் பொலேரோவிலும் டாடா ஏஸிலும் அடியில் நீளமாக ஓடுகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். அதன் முனையில் கூட்டல் குறி வடிவில் இருக்கிற கிராஸை அவர்கள் யூ ஜாயிண்ட் என்பார்கள். கிராஸ் வாங்கும்போது எந்த ஊர்ப் பெயரும் வேண்டாம், வெர்னியர் எடுங்கள்: கப்பின் விட்டம், ஒரு கப் முனையிலிருந்து எதிர் கப் முனை வரை நீளம், லாக் உள்ளே போடுவதா வெளியே போடுவதா. இந்த மூன்றும் சொன்னால் கடையில் சரியான டப்பாவை எடுத்துவிடுவார்கள். அரை மில்லிமீட்டர் தளர்வாக இருந்தாலும் கொஞ்ச நாளில் டக் டக் என்று மறுபடி அடிக்கும்.

கேஸ். இது மூன்று பக்கம் இழுக்கிற சொல். இங்கே கேஸ் என்றால் ஒன்று சி.என்.ஜி., எல்.பி.ஜி.; இன்னொன்று ஏ.சி.யில் அடிக்கிறது. அமெரிக்கருக்குப் பெட்ரோல். செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் "கேஸ் கேப் தளர்ந்திருக்கலாம்" என்று வீடியோ சொல்வது பெட்ரோல் டேங்க் மூடியைப் பற்றி. சி.என்.ஜி. வண்டிக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு சிலிண்டர் வால்வில் கை வைக்கக் கூடாது. அது பயிற்சி உள்ளவர் தொடுகிற இடம்.

கேரியர் என்று தேடினால் வண்டி மேல் வைக்கிற லக்கேஜ் கேரியரும் வரும், டிஃபரன்ஷியல் கேரியரும் வரும். ஹீட்டர் பிளக் என்று தேடினால் டீசல் வண்டியின் குளோ பிளக்கோடு, பனி ஊர்க்காரர்கள் இரவில் எஞ்சினைச் சூடாக்கச் செருகுகிற பிளாக் ஹீட்டர் வயரும் வந்து நிற்கும். குளோ பிளக் என்றே அடிக்கவும்.

டூல் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. அமெரிக்கரின் பாக்ஸ் எண்ட் ரெஞ்ச் நம்மூர் ரிங் ஸ்பேனர். நாம் பாக்ஸ் ஸ்பேனர் என்பது குழாய் மாதிரி நீண்டு, உள்ளே போய்ப் பிடிக்கிறது. ரெஞ்ச் செட் என்று ஆர்டர் போடும்போது இன்ச் அளவா மில்லிமீட்டரா என்று பாருங்கள். அரை இன்ச் ஸ்பேனர் 12.7 மில்லிமீட்டர், 13 நட்டில் ஏறாது, 12-ல் ஆடி முனையை உருட்டிவிடும்.

எந்தப் பக்கம்?

நஷ்டம் அதிகமாக நடப்பது இங்கே. ஹெட்லைட், சைடு மிர்ரர், கதவு பவர் விண்டோ, டிரைவ் ஷாஃப்ட், லோயர் ஆர்ம் எல்லாம் இடம் வலம் பார்த்து வாங்குகிற சாமான்.

வேலூர் வழக்கு தெளிவானது: டிரைவர் சைடு, கிளீனர் சைடு. லாரியிலிருந்து வந்த பேச்சு என்றாலும் ஆல்டோவுக்கும் இதுதான். காரில் கிளீனர் கிடையாதே என்று யாரும் கேட்பதில்லை. நம் வண்டியில் டிரைவர் வலப்பக்கம். பிரிட்டிஷ்காரர் வலப்பக்கத்தை ஆஃப் சைடு என்பார், நடைபாதையை ஒட்டிய இடப்பக்கத்தை நியர் சைடு என்பார். அவருக்கும் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் பிரிட்டிஷ் பட்டியலில் டிரைவர் சைடு என்றால் பயமில்லை. அமெரிக்கப் பட்டியலில் டிரைவர் சைடு என்றால் இடப்பக்கம். அப்படியே ஆர்டர் போட்டால் எதிர்ப்பக்கச் சாமான்தான் வரும்.

ஆகவே எங்கே வாங்கினாலும் எல்.ஹெச்., ஆர்.ஹெச். என்றே எழுதுங்கள். டிரைவர் சீட்டில் முன்னோக்கி உட்கார்ந்து பார்த்த இடம், வலம். வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தது இல்லை. ஹெட்லைட் உடைந்தவர்கள் பெரும்பாலும் முன்னால் நின்றபடியே போன் போட்டு ஆர்டர் சொல்வார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹெட்லைட்டில் இன்னொரு சிக்கல். சாலையின் வலப்பக்கமாக வண்டி ஓட்டுகிற நாட்டுக்காகச் செய்த லைட்டின் டிம், வலப்பக்கம் மேலே ஏறி அடிக்கும். அதை நம் சாலையில் போட்டால் எதிரே வருகிறவரின் கண்ணில் போய் விழும். ஆற்காடு சாலையில் இரவில் ஏற்கனவே இருக்கிற கண்கூச்சம் போதாதா? விலை குறைவாகக் கிடைக்கிற இறக்குமதி ஹெட்லைட்டில் இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. வைப்பர் பிளேடிலும் பல வண்டிகளில் டிரைவர் பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள நாட்டு அளவுப் பட்டியலை நம்பினால் தலைகீழாக வரும். பழைய பிளேடை ஸ்கேலில் அளந்துகொள்வது நல்லது.

பல்பு விஷயத்தில் அமெரிக்க நம்பர் தெரிந்தால் ஆன்லைன் வசதிதான். அவர்களின் 9003 நம் ஹெச் 4. 60/55 வாட் வாங்குங்கள். 100/90 போட்டால் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் மங்கும். 1157 என்பது பிரேக்குக்கும் பார்க்கிங்குக்கும் சேர்ந்து வருகிற டபுள் கான்டாக்ட், 1156 சிங்கிள் கான்டாக்ட்.

வீடியோ பார்த்து வேலை செய்கிறவர்களுக்கு

அமெரிக்க வீடியோவில் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட் மாற்றச் சொல்கிறார் என்றால் பெரும்பாலும் அவர் கையில் இருப்பது ஆட்டோமேட்டிக் வண்டிக்கான சிவப்பு ஆயில். டிரான்ஸ்மிஷன் என்று அவர் சொல்வது நம் கியர்பாக்ஸைத்தான் என்று தெரிந்துகொண்டு, மேனுவல் கியர் வண்டியில் அந்தச் சிவப்பு ஆயிலை ஊற்றுகிறவர்கள் உண்டு. சில மேனுவல் கியர்பாக்ஸ் அதையே கேட்கும், பெரும்பாலானவை 75 டபிள்யூ 80, 75 டபிள்யூ 90 மாதிரி கியர் ஆயில் கேட்கும். வண்டியோடு வந்த புத்தகம் சொல்வதுதான் கணக்கு. லாரிக்கார ஷெட்டில் எல்லாவற்றுக்கும் 90 ஆயில் என்பார்கள். அதிலும் ஜி.எல். 4, ஜி.எல். 5 என்ற ரகம் பார்க்க வேண்டும். புத்தகம் 4 என்று சொல்கிற கியர்பாக்ஸில் 5 ஊற்றினால், அதில் உள்ள சல்ஃபர் கலவை பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கலாம். கியர் விழும்போது உரசுகிற சத்தம் அதற்குப் பிறகு வரும்.

அளவிலும் இரண்டு நாட்டுக்கும் ஒத்துப்போகாது. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். அமெரிக்கர் நான்கு குவார்ட் எஞ்சின் ஆயில் என்றால் 3.8 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு; பிரிட்டிஷ் குவார்ட் என்று நினைத்து நாலரை லிட்டர் ஊற்றினால் டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டும், கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரை ஆக்கும். போல்ட் முறுக்குவதும் அப்படித்தான். வீல் நட்டுக்கு 80 என்று அவர் சொன்னால் அது பவுண்டு அடி; நம் டார்க் ரெஞ்சில் சுமார் 108 நியூட்டன் மீட்டர். தலைகீழாகத் தப்பு செய்வது இன்னும் மோசம். சம்ப் பிளக்குக்குப் புத்தகம் 35 நியூட்டன் மீட்டர் என்றிருக்க, ரெஞ்சை 35 பவுண்டு அடிக்கு வைத்தால் 47 ஏறிவிடும். அலுமினிய சம்ப்பில் மரை போக அதுவே போதும்.

எஞ்சின் வேலைக்குக் கொடுத்தவர்கள் பேரிங் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். லேத் பட்டறையில் கிராங்க் தேய்த்துவிட்டு 10 தவ் என்று சீட்டில் எழுதுவார்கள்; தவ் என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பேரிங் டப்பாவில் 0.25 என்றிருக்கும். 10 தவ் என்பது 0.254 மில்லிமீட்டர், இரண்டும் ஒன்றுதான். 20 தவ்வுக்கு 0.50.

இனி கூலிங். மே மாத வேலூரில் அதிகம் கேட்கப்படுகிற சாமான் ரேடியேட்டர் மூடியும் கூலன்ட்டும். அமெரிக்கர் கூலன்ட்டை ஆன்டிஃப்ரீஸ் என்கிறார். அந்தப் பெயரைப் பார்த்து, பனி விழுகிற ஊர்ச் சாமான் நமக்கு எதற்கு என்று வெறும் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் உறைவது தள்ளிப்போகிற மாதிரியே கொதிப்பதும் தள்ளிப்போகும். துருவைத் தடுக்கிற மருந்தும் அதில்தான் இருக்கிறது. பாலாற்றுப் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை ஊற்றினால் ரேடியேட்டர் குழாயில் சுண்ணாம்பு படியும், எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கிற வட்டத் தகடு மூடிகள் உள்ளிருந்து துருப்பிடித்து ஒழுகும். இந்த மூடிக்கு அமெரிக்கர் வைத்த பெயர் ஃப்ரீஸ் பிளக். தண்ணீர் உறைந்து விரியும்போது கழன்று பிளாக்கைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை. உண்மையில் பிளாக்கை வார்க்கும்போது உள்ளே வைத்த மணல் கருவை வெளியே எடுக்க விட்ட ஓட்டையை அடைக்கிற தகடு அது. பிரிட்டிஷ் பெயரான கோர் பிளக் என்பதுதான் வேலையைச் சரியாகச் சொல்கிறது. டவுன் கடையில் விட்டம் சொல்லி வாங்கலாம்; ஸ்டீலுக்குப் பதில் பித்தளை கிடைத்தால் அதையே எடுங்கள். கான்சென்ட்ரேட் வாங்கினால் கலக்க டிஸ்டில்டு வாட்டர் வேண்டும். பிரீ மிக்ஸ் என்று போட்டிருந்தால் அப்படியே ஊற்றலாம், மறுபடி தண்ணீர் சேர்க்கக் கூடாது.

ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று இருந்தால் அழுத்தம் பார் கணக்கு. 13, 16 என்று இருந்தால் பி.எஸ்.ஐ. 0.9 பாரும் 13 பி.எஸ்.ஐ.யும் ஒன்று, 1.1-ம் 16-ம் ஒன்று. 13-க்குப் பதில் 16 போட்டால் சூடு குறையும் என்பது ஷெட் வைத்தியம். பழைய ஹோஸ் வெடிக்கத்தான் உதவும். உள்ளூர் பிராண்டு என்று தயங்க வேண்டாம், சென்னையின் சுந்தரம் ஃபாஸனர்ஸ் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து கொடுத்த கம்பெனி.

ஷோரூம் கவுண்டர்

நெடுஞ்சாலை ஓரத்து ஷோரூம்களின் பார்ட்ஸ் கவுண்டரில் விலை எம்.ஆர்.பி., பேரம் கிடையாது, சில சாமானுக்கு முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆனாலும் பாடி ஐட்டத்துக்கு இதைத் தாண்டி போகாதீர்கள்.

காரணம் சேசிஸ் நம்பர். 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது. ஓ மாதிரி தெரிந்தால் அது பூஜ்யம். எம்.ஏ.3 என்று தொடங்கினால் மாருதி, எம்.ஏ.எல். என்றால் ஹூண்டாய், எம்.ஏ.டி. (MAT) என்றால் டாடா. ஆர்.சி.யை நீட்டினால் கம்ப்யூட்டரில் உங்கள் வண்டிக்கான படத்தைத் திறந்து பார்ட் நம்பரை எடுத்துவிடுவார்கள். அந்தப் படத்தில் இருக்கிற பெயர்களைக் கவனியுங்கள்: ஹூட், ஃபெண்டர், மஃப்ளர், டை ராடு. ஜப்பான், கொரியா கம்பெனிகளின் பட்டியல் அமெரிக்கப் பேச்சில் இருக்கிறது. அதனால்தான் மட்கார்டு என்று கேட்கிற பெரியவருக்கும் ஃபெண்டர் என்று எழுதுகிற கவுண்டர் பையனுக்கும் நடுவில் சில நிமிடம் போகிறது. பிரிட்டிஷ் பெயரான விங் இங்கே யாரிடமும் எடுபடாது.

கேட்டால் பார்ட் நம்பரை எழுதித் தருவார்கள், இல்லாவிட்டால் எஸ்டிமேட் போடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஹூண்டாய் நம்பர் ஐந்து, கோடு, ஐந்து என்று வரும். முதல் ஐந்து எந்தச் சாமான் என்பதையும் பின் ஐந்து எந்த மாடல் என்பதையும் சொல்லும். 66400 என்று தொடங்கினால் பானெட் தகடு. இந்த நம்பரை ஆன்லைனில் போட்டுத் தேடினால் பெயர்க் குழப்பமே கிடையாது, அதே சாமான் எங்கே மலிவு என்று தெரிந்துவிடும். நம்பர் கடைசியில் வருகிற கூடுதல் எழுத்துகள் பெரும்பாலும் கலர். கைப்பிடி, மிர்ரர் கவர் வாங்கும்போது அதை விட்டுவிட்டால் வேறு கலரில் வரும்.

ஆன்லைன்

நம்பரோடு போனால் ஃபில்டர், பிரேக் பேட், வைப்பர், பல்பு, ஓ.இ. பிராண்டு (வண்டிக் கம்பெனிக்கே சாமான் கொடுக்கிற பிராண்டு) கிளட்ச் செட் இவற்றுக்கு நல்ல விலை கிடைக்கிறது. காட்பாடி, வேலூர் பின்கோடுகளுக்கு வீட்டுக்கே வந்துவிடும். உள்ளே கிராமம் என்றால் முதலில் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். "உங்கள் வண்டிக்குப் பொருந்தும்" என்று பச்சைக் குறி காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். மாடலும் வருடமும் பார்த்துப் போடுகிற குறி அது. நடுவருடத்தில் கம்பெனி சாமானை மாற்றியிருந்தால் தெரியாது. கண்ணாடி, பம்பர், பானெட் ஆன்லைனில் வேண்டவே வேண்டாம். வழியில் நெளிந்து வந்ததை நிரூபிக்க நீங்கள்தான் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுக்க வேண்டும்.

டப்பாவில் எம்.ஆர்.பி. லேபிள், பேக் செய்த மாதம், பார்ட் நம்பர், கஸ்டமர் கேர் எண் நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் சாமானில் எழுத்துப் பிழையுள்ள லேபிள் தெரிந்தால் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

பழைய மாடலுக்கு மூன்று இடத்திலும் கிடைக்கவில்லை என்றால் சென்னைதான். புதுச் சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, கழற்றிய சாமானுக்குப் புதுப்பேட்டை. வேலூர் கடைக்காரரிடமே சொன்னால் பார்சல் சர்வீஸில் வரவழைத்துத் தருவார், கூலி கொஞ்சம் சேரும். நேராக நீங்களே போன் போடுவதானால் பிரிட்டிஷ் பெயர், பக்கம், வருடம், பெட்ரோலா டீசலா என்று வரிசையாகச் சொல்லி, பழைய சாமானை ஸ்கேல் பக்கத்தில் வைத்து எடுத்த போட்டோவை அனுப்புங்கள். கழற்றிய சாமானில் கதவு என்றால் உள்ளே கண்ணாடி, மோட்டார், லாக், வயரிங் சேர்ந்ததா, வெறும் தகடா என்று கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.